கை நனைக்காமல் போனவர்கள்

வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் எனக்குக் கஞ்சப் பிசினாரி என்று பெயர். வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போகட்டும், அதனால் நான் ஒன்றும் இளைத்துப்போய்விடவில்லை. சாப்பாட்டுச் சாமானை வீசுவதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், விரலால் அழுத்திப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வைப்பதா வீசுவதா என்று முடிவெடுப்பேன். இது கஞ்சத்தனம் என்றால், ஆமாம், நான் கஞ்சப் பிசினாரிதான். யாருக்கு என்ன நஷ்டம்?

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறுகிற மலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். கம்பனிகள் தோட்டங்களை எடுத்து நடத்தத் தொடங்கிய புதிது. எங்கள் பக்கத்து மழை வைத்த சாமானை வைத்தபடி இருக்கவிடாது. உப்பு தண்ணீராகும், அப்பளம் துணி மாதிரித் துவளும், கோதுமை மாவில் வண்டு ஓடும். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவள் வண்டைக் கண்டதும் மாவை அப்படியே வாசலில் கொட்டிவிட்டுக் கோழிகள் மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு பிள்ளைகளுக்கு ரொட்டி தட்ட மா இல்லை என்று மா அளக்கிற சுண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள்.

"அடியே, சலிச்சு ஒரு வெயில் காட்டுனா வண்டு தானா ஓடிப்போகும். வண்டு திங்கிறத நீ திங்கக்கூடாதா?" என்று கத்திவிட்டுத்தான் மாவைக் கொடுப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவாள். வெட்கம் கிடையாது, மானம் கிடையாது.

ஆனால் அதே மா கட்டிப்பட்டு, புழுக்க வாடை அடித்து, நாக்கு நுனியில் கசந்தது என்றால் நான் அதைக் கோழிக்குக்கூடப் போடமாட்டேன். இதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். பேக்கரிப் பாணில் ஓர் ஓரத்தில் பூஞ்சணம் கண்டதும் அந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கசக்கிற புடலங்காய், பூஞ்சணம் பிடித்த கடலை, இழை இழையாக நூல் விடுகிற பழஞ்சோறு, இதெல்லாம் என் வீட்டு அடுப்படியில் ஒரு நிமிடம் தங்காது. ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வந்த மீன் டின் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. திறக்கக்கூட விடாமல் எடுத்துப்போய்க் குழி தோண்டிப் புதைத்தேன். "அடிப்பாவி, மத்தவங்க கருவாட்டுத் தலையக்கூட வீசவிடமாட்ட, முழு டின்ன பொதைக்கிறியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். திரியட்டுமே, உயிரோடுதானே திரிந்தார்.

கறுத்துப்போன வாழைப்பழத்தை வீசாதவள் என்று என்னைக் கேலி பண்ணத் தெரிந்தது. வீங்கின டின்னைப் புதைத்தவள் என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது எனக்குக் கணக்கே இல்லை. கெட்டுப்போச்சா இல்லையா, அதுதான் கணக்கு.

அந்த வருடம் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஒரு வீட்டில் மருந்துச் சாக்கைக் கழுவிக் காயவைத்து அதில் அரிசி கொட்டிவைத்துவிட்டார்கள். கொழுந்தில் கொப்புளம் விழாமல் இருக்கத் தேயிலைக்கு அடிக்கிற செம்பு மருந்து அது. நீலமும் பச்சையும் கலந்த பொடி, நாங்கள் துருசு என்போம். சாப்பிட்ட வீடே வாந்தி எடுத்து, கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தெய்வ புண்ணியத்தில் எல்லோரும் பிழைத்து வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு மலை முழுக்கப் பச்சை நிறத்தைக் கண்டால் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது இருந்தது, எல்லோரையும்விட அதிகமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை.

அவர் மருந்து டாங்கியை மாட்டிவைக்க வேலி ஓரத்தில் தனி முளை அடித்திருந்தேன். அவர் வேலைச் சட்டைக்குத் தனி வாளி. குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவாமல் வாசற்படியை மிதித்தால் விளக்குமாற்றோடு நிற்பேன். தங்கச்சி சிரிப்பாள், "மச்சான், ஒங்களயும் வெயில்ல காயப்போட்டுட்டுத்தான் உள்ள எடுப்பா அக்கா" என்பாள்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அவளுடையதுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளையும் என்னோடு கூட்டி வந்தேன். அவள் வயதுக்காரிகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். இவளுக்கு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சாக்கில் தட்டிப்போனது. பெற்றவர்கள் இல்லாத பெண், சீர் செய்ய யார் இருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

அப்படி இருக்கும்போதுதான் கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தரகர் கொண்டுவந்தது. மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் வேலை, குடி கிடையாது. பெண் பார்க்க வந்தபோது தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். முடிவானால் பரிசம் போடுகிற அன்றைக்கு வந்து கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு பெண் அவர்களுடையவள்.

அவர்கள் போனபிறகு தங்கச்சி அடுப்படியில் வந்து உட்கார்ந்து விறகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, அவருக்கு என்னா கறி புடிக்கும்னு தரகர்கிட்ட கேட்டியா?" என்றாள். என் தங்கச்சி வாயைத் திறந்து ஒன்று கேட்டாள் என்றால் அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "என்னாடி, அதுக்குள்ள அவரா?" என்று கன்னத்தைக் கிள்ளினேன். தரகரிடம் கேட்டுச் சொன்னேன். பிஞ்சுப் பலாக்காய், நாங்களும் சிங்கள ஆட்கள் மாதிரி பொலொஸ் என்றுதான் சொல்வோம், அந்தக் கறி என்றால் உயிராம்.

தரகர் இன்னொன்றும் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அந்த வீட்டுக்குப் பெரிய ஆள். அவருக்கு வயிற்றில் புண், காரம் ஆகாது. சரி, பெரிய மனுஷனுக்காக ஊறுகாயை மிளகாய்த்தூள் போடாமல் பண்ணுவோம் என்று நினைத்தேன். கொடகவெலச் சந்தையில் வெள்ளைப்பூண்டு வாங்கி, உரித்து, தேசிக்காய்ப் புளியும், அதுதான் எலுமிச்சம்புளியும், உப்பும் மட்டும் போட்டுக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துத் தட்டில் வைத்தேன்.

பரிசத்துக்கு முதல்நாள் காலையில் திறந்து பார்த்தால் பூண்டு பச்சையாக இருந்தது. இளம்பச்சை இல்லை, மயில் கழுத்துப் பச்சை.

எனக்கும் முதலில் துருசு ஞாபகம்தான் வந்தது. பொய் சொல்லமாட்டேன். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெளிச்சத்துக்கு வந்தேன். என்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பூண்டு, புளி, உப்பு. போத்தல் வெந்நீரில் கழுவியது. கரண்டி மரக்கரண்டி. மருந்துச் சாமான் ஒன்றுகூட என் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மோந்து பார்த்தேன், பூண்டு வாசமும் புளி வாசமும்தான். நுரை இல்லை, வழவழப்பு இல்லை. ஒரு பல்லை எடுத்து நசுக்கினேன், நறுக்கென்று இருந்தது. பாதியைக் கடித்துத் தின்றேன். துருசு என்றால் வாயில் பட்டதும் குமட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். காற்று வாக்கில் அது அவர் உதட்டில் படாத நாளா? எனக்குக் குமட்டவில்லை. காலையில் பேர் பதிகிற பிரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்தை எடை நிறுத்து, வீடு திரும்புகிற வரைக்கும் வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

பூண்டு ஏன் பச்சையானது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வெகுகாலம் கழித்துத்தான், புளியில் ஊறினால் சில பூண்டு அப்படி நிறம் மாறும், அதனால் கெடுதல் இல்லை என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். என் கையால் போட்டது என்னவென்று எனக்குத் தெரியும்.

"வீசிரு. பொல்லாப்பு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு வீசணும்? கெட்டா போச்சு?"

"கெடல. ஆனா பாக்க நல்லா இல்லயே."

"ஒங்களயுந்தான் கல்யாணத்தன்னைக்குப் பாக்க நல்லா இல்ல. வீசிட்டா போனேன்?"

அவர் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு கரண்டி மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்கியிருந்தால் பச்சை மறைந்திருக்கும். அந்தப் புத்தி எனக்கு வராமல் இல்லை. கெட்டுப்போகாத ஒன்றை நான் ஏன் மறைக்க வேண்டும்? இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். எங்கள் ரோட்டு வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றி, தேசிக்காயை மோந்துகொண்டே இறங்கினார்கள். தாய்மாமன் வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாக முன்னால் வந்தார். அவர் அங்கே கங்காணி, நடையிலேயே தெரிந்தது. தாம்பாளத்தில் சேலை, பூ, வெற்றிலை, வாழைப்பழம் எல்லாம் வந்து இறங்கியது. லயமே வாசலில் நின்றது. மலைக்குக் கீழே கிராமத்தில் இருக்கிற சிங்கள அக்கா ஒருத்தி, எனக்கு நீண்டகாலப் பழக்கம், பொலொஸ் காய் கொண்டுவந்து தந்ததே அவள்தான், அவளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம், வேன் பயணத்தில் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். பாய் விரித்து வாழை இலை போட்டேன். இலை ஓரத்தில் முதலில் உப்பு, பிறகு ஊறுகாய், கறி.

தாய்மாமன் இலையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது என்னா?"

"வெள்ளப்பூண்டு ஊறுகாய்ங்க. ஒங்களுக்குக் காரம் ஆகாதுன்னு தூள் போடாம செஞ்சது."

"வெள்ளப்பூண்டு எப்பிடிம்மா பச்சையா இருக்கும்?"

"போட்டது பூண்டும் புளியும் உப்புந்தாங்க, எப்பிடியோ நெறம் மாறிருக்கு. நா தின்னு பாத்துட்டேன். ஒண்ணும் செய்யாது, சாப்புடுங்க."

அவர் சாப்பிடவில்லை. வாசல் வழியாக வெளியே பார்த்தார். வேலி முளையில் மருந்து டாங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடியும் இலையைப் பார்த்தார்.

"தம்பிக்கு மருந்தடிக்கிற வேலையோ?"

"ஆமாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் எல்லோரும் இலையை விட்டு எழுந்து நின்றார்கள். துருசு, துருசு என்று வாசல்வரைக்கும் பேச்சு போய்விட்டது. கீழ்ப்பிரிவில் லொறியில் போன குடும்பத்தைப் பற்றி கொடகவெலவரைக்கும் தெரிந்திருந்தது. அதுவரை தாய்மாமன் மேல் எனக்குக் கோபமே இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியதுதான், நான்கூட அதைத்தான் செய்வேன். ஊறுகாயை எடுத்துவிடு என்று சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே எடுத்திருப்பேன். அவர் சொன்னது அது இல்லை.

"எல்லாத்தையும் கொட்டும்மா. சோறு, கறி, பாயாசம், ஒண்ணு விடாம. அந்தச் சட்டி பானையில செஞ்சது எதுவும் வேணாம். நாங்க கீழ டவுன்ல போயி சோத்துப் பார்சல் வாங்கியாறோம். சாப்புட்டுட்டு மத்த வேலையப் பாப்போம்."

தரகர் என் காதுப் பக்கம் வந்து, "கொட்டிரும்மா, ஒரு நேரச் சோறுதானே. பொண்ணு வாழ்க்கையப் பாரு" என்றார். லயத்துப் பெண்களும் தலையாட்டினார்கள்.

ஒரு நேரச் சோறுதானாம். நான் கொட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அங்கேயே கண்ணுக்குத் தெரிந்தது. கொட்டினால், அந்தச் சோறு விஷம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. புருஷன் கொண்டுவந்த மருந்தைச் சட்டியில் விட்டவள் என்ற பெயர் எனக்கு. அந்தப் பெயரோடு என் தங்கச்சி அவர்கள் வீட்டு அடுப்படிக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். அவள் வைக்கிற ஒவ்வொரு குழம்பையும் அவர்கள் மோந்து பார்ப்பார்கள். அதோடு, கெடாத சோறு. அத்தனை பேருக்கு ஆக்கிய சோறு.

"ஐயா, இதுல எது கெட்டுப்போச்சுன்னு காட்டுங்க, கொட்டுறேன். கெட்டத நா ஒரு நாளும் வச்சுக்கிட்டதில்ல. கெடாதத கொட்டமாட்டேன்."

"அப்ப எங்கள சாவச் சொல்றியா?"

"சாவுறதுன்னா நா மொதல்ல சாவுறேன், பாருங்க."

அவர் இலைக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டு, கைநிறைய ஊறுகாயை அள்ளி வைத்துப் பிசைந்து தின்றேன். வாயில் சோறு, கண்ணில் தண்ணீர். அழுகை இல்லை, கோபம். என் வீட்டுக்காரர் இத்தனைக்கும் ஊமை மாதிரி நின்றவர், பேசாமல் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மருந்தடிச்சிட்டு வந்தா என்னயவே படி ஏற விடமாட்டா இவ. இவ சட்டியில துருசு விழுந்துச்சாம்!" என்று சொல்லி அவரும் தின்றார். அன்றைக்கு அந்த மனுஷனைப் பிடித்தது போல எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

"துருசு ஒடனே காட்டாதும்மா. நாளைக்கு, நாளான்னைக்குத்தான் காட்டும்" என்றார் தாய்மாமன். வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்கடா போவோம்."

மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். சேலை, பூ, வெற்றிலை, எல்லாம் வந்த மாதிரியே திரும்பிப்போனது. மாப்பிள்ளை கடைசியாக நகர்ந்தார். அவர் இலையில் தங்கச்சி தன் கையால் ஆக்கிய பொலொஸ் கறி இருந்தது. அதைப் பார்த்தார். உள் காம்பராவின் திரைச்சீலையையும் ஒரு தடவை பார்த்தார், அதற்குப் பின்னால் அவள் நிற்பது தெரியும். பிறகு மாமன் கூப்பிட்ட குரலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கை நனைக்காமல் போய்விட்டார்கள்.

வேன் சத்தம் வளைவில் மறைந்தது. அண்டா நிறையச் சோறு. சட்டி சட்டியாகக் கறி. பரிசத்துக்கு வந்த லயத்து ஆட்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது சிங்கள அக்கா உள்ளே வந்து, மாப்பிள்ளை விட்டுப்போன இலைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நங்கி, படகினி. பத் தென்ன" என்றாள். என்னைப் பார்த்துத்தான், தங்கச்சி, பசிக்குது, சோறு போடு என்கிறாள்.

அவளுக்குச் சோறு போட என்னால் எழுந்திருக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு தங்கச்சி வந்தாள். பரிசச் சேலை, தலை நிறையப் பூ. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அகப்பையை எடுத்து சிங்கள அக்காவுக்குச் சோறு போட்டாள், பொலொஸ் போட்டாள், கேட்காமலே ஊறுகாயும் வைத்தாள். அக்கா ஒரு பல்லைக் கடித்து, "ரசய்" என்று தலையாட்டினாள். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டு என் பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொரு வீடு. பிறகு வாசலே வந்தது. சிலர் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எல்லோருக்கும் தங்கச்சிதான் பரிமாறினாள். கடைசியாக அவள் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். அண்டா காலி. நாய்க்குக்கூட மிச்சம் இல்லை.

மறுநாள் பிரட்டுக்குப் போனபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "என்னாடி, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒன் கருமாதிச் சோத்தத் தின்னுட்டுத்தான் போவேன்" என்றேன். கொழுந்துக் கூடைகள் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. அவள் நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. அவள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை என் வாயால் கெடுத்துவிட்டேனோ என்று அடுப்படியில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பேன். நினைத்துப் பார்த்தால் மறுபடியும் கோபம்தான் வரும். சோற்றைக் கொட்டச் சொன்னது அவர், தட்டைத் தூக்கிப்போனது அவர்கள், பழி எனக்கா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். கூப்பிடாமலே வந்து வாசலில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"குடிங்க. துருசு போடல" என்றேன்.

அவர் அசடு வழியச் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் மனம் மாறிவிட்டதாம். தோட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்களாம். தாய்மாமனே சரி என்று சொல்லிவிட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை திரும்பவும் தட்டோடு வருகிறார்களாம். இந்தத் தடவை ஊறுகாய் மட்டும் வேண்டாமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை மறைக்க மாட்டேன். அத்தனை கோபமும் எங்கே போனதோ. என்ன இருந்தாலும் அவளுக்குப் பிடித்த மாப்பிள்ளை, குடிக்காத பிள்ளை. ஊறுகாய்தானே, தொலையட்டும். தரகரை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பேசியதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"கேட்டியாடி? வாறாங்களாம். நாந்தான் சொன்னேன்ல, ஒனக்குன்னு இருக்கிறது எங்கயும் போவாது!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வேணாங்கா."

"என்னாடி வேணாம்? அதான் எல்லாஞ் சரியாப் போச்சே. அந்தக் கெழவன நெனச்சா சொல்ற? அவரா ஒங்கூட குடும்பம் நடத்தப் போறாரு?"

"மாமன விடு. அவரு பயந்தவரு." சட்டையை மடித்து மடியில் வைத்தாள். "ஒரு வாய்க்கா. வெறுஞ்சோறு ஒரு வாய். மாப்புள்ள தின்னிருந்தா நா இந்நேரம் கெளம்பிருப்பேன். மாமன எதுத்துப் பேசச் சொல்லலயே. நீ தின்ன, மச்சான் தின்னாரு, நா தின்னேன். நாம சாவுறமா இல்லயான்னு ஒரு வாரம் அங்கிருந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. சாவலன்னதும் பொண்ணு கேட்டு ஆள் அனுப்புறாரு."

நான் கட்டில் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் பேசாமல் இருந்தது கல்யாணம் போனதற்காக என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லை. அவர் வருவாரா என்று பார்த்திருக்கிறாள். தனியாக, பஸ் ஏறி, நீங்கள் எல்லோரும் பிழைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு வருவாரா என்று பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்தேன். தரகர் தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தார்.

"என்னாம்மா, வெள்ளிக்கிழம வரச் சொல்லட்டா?"

"வேணாங்க."

"ஐயோ, என்னாம்மா இது! நா போயி என்னா காரணம்னு சொல்றது?"

"அந்த வீட்டுல எங்க பொண்ணுக்குச் சோறு எறங்காதாம்னு சொல்லுங்க" என்றேன்.